படிக்க வைக்கல

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் எதுவரை படித்தீர்கள் என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமிருந்து இரண்டு விதமான விடைகள் வரும். ஒன்று, ‘நான் படிக்கல.’ மற்றொன்று, ‘என்னையப் படிக்க வைக்கல.’ கேட்கிற நாம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்ற இடத்துக்கு நேரே மகள் ‘படிக்காதவர்’ என்று எழுதுகிறாள். அம்மா ஒரு முழு வாக்கியமாகச் சொன்னது அங்கே ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கும்போது ஓர் ஆள் காணாமல் போகிறார். படிக்க வைக்காதவர்தான் அந்த ஆள்.

தன்வினை, பிறவினை என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்திருப்போம். திருந்தினான் என்றால் தன்வினை, திருத்தினான் என்றால் பிறவினை. ‘நான் படிக்கல’ தன்வினை. அதில் எழுவாய் நான். செய்யாமல் விட்ட செயல் என்னுடையது. ‘என்னையப் படிக்க வைக்கல’ பிறவினை. அதில் நான் செயப்படுபொருள். செய்யாமல் விட்டவர் வேறொருவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண், இலக்கணம் படித்த நம்மைவிடத் துல்லியமாகத் தன் நிலையைச் சொல்லிவிடுகிறாள். அவளுடைய துல்லியத்தை நாம் ஏன் கைவிட்டோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒருத்தி அறியாமல் இருப்பதற்கு யார் பொறுப்பு என்ற அறக்கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது.

தற்குறி

கல்வியில்லாதவரைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கல்லாதவர், படிக்காதவர், பாமரர், பேதை, மூடர், கைநாட்டு, தற்குறி. இவற்றில் இன்று அதிகமாக வசைக்குப் பயன்படுவது தற்குறி. சாலையில் குறுக்கே வண்டியை விடுபவரைத் திட்டவும், அரசியலில் எதிரணித் தொண்டர்களை மொத்தமாக மட்டம் தட்டவும் இந்தச் சொல் உதவுகிறது.

தன் குறி என்பதுதான் தற்குறி ஆயிற்று. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் கீறலுக்கு அது பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அந்தப் பொருளையும் தருகிறது, எழுத்தறியாதவர் என்ற பொருளையும் தருகிறது. ஒருவர் இட்ட குறிக்கு இருந்த பெயர், அந்தக் குறியை இட்டவருக்கே பெயராகிவிட்டது. சட்டம் இந்தக் குறியை இழிவாகப் பார்க்கவில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், எழுதத் தெரியாத ஒருவர் இடும் குறியையும் கையொப்பம் என்ற சொல்லுக்குள் சேர்த்தே பொருள்கொள்கிறது. அதாவது, தற்குறி என்பது ஒரு கையெழுத்து. தன் பெயரை எழுதக் கற்பிக்கப்படாத ஒருவர், ‘இது நான்தான், இதற்கு நான் உடன்படுகிறேன்’ என்று சொல்லக் கண்டுபிடித்த வழி அது. பிறருடைய எழுத்தைக் கடன் வாங்காமல் தானே இட்ட குறி. சொல்லின் உள்ளே இருப்பது தன்மதிப்பு. நாம் அதன்மேல் பூசியது இகழ்ச்சி.

ஒருவர் ஒரு சமயத்தில் செய்யும் செயலை அவருடைய இயல்பாக மாற்றிவிடுவதுதான் வசையின் வேலை. கைநாட்டு வைத்தாள் என்பது ஒரு செய்தி. அவள் ஒரு கைநாட்டு என்பது தீர்ப்பு. செய்தி தீர்ப்பாகிவிட்டால் பிறகு காரணம் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

மடம்

ஆணின் கல்லாமையைத் தமிழ்ச் சமூகம் குறையாகக் கண்டது. பெண்ணின் கல்லாமையைச் சில இடங்களில் அழகாகவும் கண்டது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கல்லாமை பற்றிப் பொதுவாகப் பேச முடியாது.

திருக்குறளில் 41-ஆம் அதிகாரம் கல்லாமை. கல்லாதவரைக் களர் நிலத்துக்கும் மண்பொம்மைக்கும் விலங்குக்கும் ஒப்பிடும் கடுமையான அதிகாரம். உயர்குடியில் பிறந்து கல்லாதவர், தாழ்ந்த குடியில் பிறந்தும் கற்றவருக்கு ஈடாக மாட்டார் என்று பிறப்பைக் கல்விக்குக் கீழே இறக்கி வைப்பதும் அதே அதிகாரம்தான். அந்த ஒரு குறளுக்காகவே இதை மாணவிகள் நெஞ்சில் வைத்திருக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் குறளில், கல்லாதவன் அவையில் பேச ஆசைப்படுவது, மார்பில்லாத ஒரு பெண் பெண்மைக்கு ஆசைப்படுவது போன்றது என்ற உவமை வருகிறது. ஆணுக்குக் குறை, கல்வி இல்லாமை. பெண்ணுக்குக் குறை, உடம்பில் ஒன்று இல்லாமை. உவமை சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகும் ஏற்பாடு இது: அவன் பேசுவதற்கு உரியவன், அவள் பார்க்கப்படுவதற்கு உரியவள். பிறப்பினால் வரும் மேல்கீழைத் தகர்த்த அதிகாரத்துக்குள் இந்தப் பாகுபாடு மட்டும் தொடப்படாமல் நிற்கிறது.

பெண்ணுக்குரிய குணங்களாக அச்சம், நாணம், மடம் ஆகிய மூன்றைத் தொல்காப்பியம் சொல்கிறது. பயிர்ப்பு பின்னால் வந்து சேர்ந்தது. மடம் என்ற சொல்லிலிருந்துதான் மடமை வருகிறது, மடையன் வருகிறான். ஆண் மடையன் என்றால் அடிக்க வருவான். பெண்ணுக்கு மடம் என்றால் அது இலக்கணம். உரையாசிரியர்கள் இதைச் சற்றே மெருகேற்றி விளக்கினார்கள். பிறர் சொல்லிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டதை விடாமல் இருப்பது மடம் என்பது ஒரு விளக்கம். அறிந்தும் அறியாததுபோல் இருப்பது மடம் என்பது பிற்காலத்தில் பரவிய இன்னொரு விளக்கம்.

இந்த இரண்டு விளக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அறியாமை இயல்பாக இருப்பதாகச் சொல்லப்படவில்லை. முதலாவதில் யாரோ சொல்லித் தருகிறார்கள். அவள் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்கிறாள். இரண்டாவதில் அவளுக்குத் தெரியும்; தெரியாததுபோல் நடக்கிறாள். அப்படியானால் மடம் என்பது கல்வி இல்லாத நிலை இல்லை. அதுவே ஒரு கல்வி. சிரிப்பை அடக்கக் கற்பது, கணக்கு தெரிந்தும் கணவன் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கக் கற்பது, ‘எனக்கென்ன தெரியும், அவங்களைக் கேளுங்க’ என்று சொல்லக் கற்பது. வீடு நடத்திய பள்ளிக்கூடத்தில் நம் பாட்டிகள் பல ஆண்டுகள் படித்த பாடம் இது. பெண்ணின் அறியாமையை யாரும் அப்படியே விட்டுவைக்கவில்லை. உழைத்து உருவாக்கினார்கள்.

பருவப் பெயர்களிலும் இதைக் காணலாம். பாட்டியல் நூல்கள் பெண்ணின் ஏழு பருவங்களைப் பேதை என்று தொடங்குகின்றன. ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள சிறுமி பேதை. அறிவின்மைக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறதே, அந்தப் பேதைமையின் பேதைதான். ஆணின் பருவங்களுக்கும் அந்நூல்கள் பெயர் வைத்தன. பாலனில் தொடங்கி மீளி, மறவோன், திறலோன் என்று அவை வீரத்திலும் வலிமையிலும் ஏறிச் செல்கின்றன. ஐந்து வயதில் பையனும் அறியாதவன்தான். அவனுடைய அறியாமை வயதில் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை அவன் பெயரில் இருக்கிறது. அவளுடைய அறியாமை அவள் பெயராகவே இருக்கிறது. ஐந்திலிருந்து ஏழு என்பது பள்ளிக்கு அனுப்பும் வயதும்கூட.

ரேகை

கைநாட்டு என்ற சொல்லுக்கு மதுரைச் சமவெளியில் இன்னொரு வரலாறும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மூத்தவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் மீது அந்தச் சட்டத்தை ஏவிய பிரிட்டிஷ் அரசு, அவர்களுடைய கைரேகைகளைப் பதிவு செய்தது. இரவில் காவல் நிலையத்தில் தங்கவும் ஊரைவிட்டுச் செல்ல அனுமதி பெறவும் கட்டாயப்படுத்தியது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். காவல்துறை சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல்.

இதே ஆட்சியின் சீரமைப்புத் திட்டத்தில்தான் கள்ளர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகளின் வரிசை தொடர்ந்து வந்திருக்கிறது. ஒரு கை விரலைப் பிடித்து மையில் தோய்த்தது, மறு கை சிலேட்டை நீட்டியது. இங்கே நாம் பார்க்க வேண்டியது, விரல் ரேகைக்கும் அறியாமைக்கும் இயல்பான உறவு எதுவும் இல்லை என்பதை. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களில் எழுத்தறியாதவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் எதில் ரேகை வைக்கிறோம், வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அறிந்ததனால்தான் மறுத்தார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகாரத்தைப் படித்திருந்தார்கள்.

இன்று நாமெல்லாம் கைநாட்டுகள்தாம். முனைவர் பட்டம் பெற்றவரும் காலையில் வருகைப் பதிவுக் கருவியில் விரலை வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார். ஆதார் அட்டைக்குப் பத்து விரல்களையும் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் ரேஷன் கடையில் இயந்திரம் ‘ரேகை விழவில்லை’ என்று திருப்பி அனுப்புவது யாரை என்று கவனியுங்கள். செங்கல் சூளையிலும் நாற்றங்காலிலும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலும் விரல் நுனியைத் தேய்த்தவர்களைத்தான். பேனா பிடிக்காதவள் என்று அவள் விரலைப் பழித்தோம். இப்போது அந்த விரலில் ரேகையும் இல்லை என்கிறோம். உழைப்புத்தான் அதைத் தேய்த்தது என்பதை எந்தத் திரையும் காட்டுவதில்லை.

விடுதலைப் பத்திரம்

அப்படியானால் எழுத்தறிவு தேவையில்லையா? பட்டறிவே போதுமா? இந்தப் பேச்சில் ஓர் ஆபத்து இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் அறிவைப் போற்றுவதுபோல் போற்றி, அவர்களை அப்படியே விட்டுவிடுவது படித்தவர்களுக்கு வசதியான பாவனை. படிக்காமல் இருப்பதன் விலையை அதைக் கொடுப்பவள் மட்டுமே அறிவாள். பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம் என்று அந்த விலை தினமும் வசூலாகிறது. அதில் மிகப் பெரிய வசூல் நடக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றுவரை திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் மணமான மகள்களையும் உள்ளே கொண்டுவந்தது. சட்டம் பங்கைக் கொடுத்தது. பங்கு கைக்கு வரும் முன்பே அதை வாங்கிக்கொள்ள ஒரு பத்திரம் தயாராக இருந்தது. சகோதரிகள் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் அந்தப் பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழில் எனக்குத் தெரிந்து விடுதலை என்ற சொல் இவ்வளவு பொய்யாகப் பயன்படும் இடம் வேறில்லை. யாருக்கு எதிலிருந்து விடுதலை?

அந்தப் பத்திரங்களில் எத்தனையோ பெருவிரல் ரேகைகள் பதிந்திருக்கின்றன. ‘அண்ணன் கேட்டான், வச்சேன்’, ‘தம்பி கார்ல கூட்டிப் போனான், சேலை எடுத்துக் குடுத்தான்’ என்று அவற்றின் கதைகள் ஒரே மாதிரி இருக்கும். எழுத்தறியாத பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பத்திரத்தின் பயனை அனுபவிக்க வருபவர்தான், அவள் அதன் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டே ரேகை வைத்தாள் என்று நிரூபிக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து கடைப்பிடிக்கின்றன. அந்தப்புரத்துக்குள் வைக்கப்பட்ட பெண்களுக்காக உருவான பாதுகாப்பு, எழுத்தறியாத பெண்களுக்கும் நீட்டப்பட்டது. நிரூபிக்கும் சுமை அவளுடையதாக இல்லாமல் மற்றவருடையதாகிறது. ‘நீ ஏன் படிக்கவில்லை?’ என்று சட்டம் அவளைக் கேட்பதில்லை. ‘நீ அவளுக்குப் படித்துக் காட்டினாயா?’ என்று அவனைக் கேட்கிறது. ‘படிக்க வைக்கல’ என்ற வாக்கியத்தின் இலக்கணத்தை இந்த ஓர் இடத்திலாவது சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்ய அவள் வழக்குப் போட வேண்டும். அண்ணன்மேல் வழக்குப் போடும் தங்கைகள் எத்தனை பேர்?

கசப்பான பகுதி இனித்தான் வருகிறது. அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், அதே விடுதலைப் பத்திரத்தில், முதுகலை படித்த தங்கையும் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறாள். சுழித்து அழகாகப் போடுகிறாள். பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் அவளால் படிக்க முடியும். 1989-ஐயும் 2005-ஐயும் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருப்பாள். ‘பிறந்த வீடு வேணுமில்ல’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திடுகிறாள். அம்மாவின் ரேகைக்கும் மகளின் கையெழுத்துக்கும் இடையே ஒரு தலைமுறையும் பல பட்டங்களும் இருக்கின்றன. பத்திரம் மாறவில்லை. எழுத்து அவளுக்கு வந்துவிட்டது, மடம் அவளைவிட்டுப் போகவில்லை. சொல்லிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு விடாமலிருப்பது, அறிந்தும் அறியாததுபோல் இருப்பது என்ற பழைய இரண்டு விளக்கங்களும் அந்தக் கையெழுத்தில் அப்படியே பொருந்துகின்றன.

அவளை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிறந்த வீட்டின் கதவு மூடிக்கொள்ளும் என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கணவன் வீட்டில் ஒரு நெருக்கடி என்றால் அவள் போய் நிற்க வேறு வாசல் இல்லை. ஆனால் கல்வி வந்தால் அறியாமை போய்விடும் என்ற நம் எளிய கணக்கை அவள் கையெழுத்து கலைக்கிறது. பெண்ணுக்குக் கற்பிக்கப்படாத பாடத்தைக் கற்பித்தால் மட்டும் போதாது. கற்பிக்கப்பட்ட மடத்தை மறக்கவும் கற்பிக்க வேண்டும். அந்தப் பாடத்திட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

மேதை

‘படிக்காத மேதை’ என்ற தொடர் தமிழர்களுக்குப் பிடித்தமானது. 1960-இல் அந்தப் பெயரில் படம் வந்தது. காமராஜரை அப்படிச் சொல்லாத மேடை இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததும் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் வரலாறு. தனக்குக் கிடைக்காததை அடுத்தவர் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்ய நினைத்த அந்த மனத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். என் கேள்வி அந்தத் தொடர் பற்றியது. படிக்காத ஆணுக்கு மேதை என்ற சொல் எளிதில் கிடைக்கிறது. படிக்காத பெண்ணுக்கு அப்படி ஒரு சொல் வாய்த்திருக்கிறதா? ‘படிக்காத’ என்ற அடையின் பின்னால் ஆணென்றால் மேதையும், பெண்ணென்றால் ‘பொம்பளை’யும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

மதுரை சின்னப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி. வயல் வேலைக்குப் பெண்களைக் கூட்டிச் செல்லும் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர். கூலி பேசுவது, ஆள் பிரிப்பது, வந்ததைப் பங்கு பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு களஞ்சியம் என்ற சிறுசேமிப்பு இயக்கத்தைப் பெண்களிடையே வளர்த்தார். கந்துவட்டியிடம் கைநீட்டி நின்ற பெண்கள், தாங்களே சேமித்துத் தங்களுக்குள்ளே கடன் கொடுத்துக்கொண்டார்கள். 2001-இல் ஸ்திரீ சக்தி விருது வழங்கும் விழாவில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவரைப் பற்றிய எழுத்துகளில் ‘எழுதப் படிக்கத் தெரியாத’ என்ற அடை அவர் பெயருக்கு முன்னால் தவறாமல் வந்து நிற்கும். பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டு, படிக்காத பெண்ணால் இது முடியாது என்று முன்பே முடிவுகட்டிவிட்டுப் பிறகு வியக்கிறது. நாள்தோறும் பல பேருடைய கூலியை மனத்திலேயே கணக்குப் பார்த்து, யாருக்கும் குறையாமல் பிரித்தவர் கடன் கணக்கை நடத்தியதில் என்ன வியப்பு? வியப்பு வேண்டுமென்றால் வேறு இடத்தில் இருக்கிறது. அழகர்கோவிலிலிருந்து பார்த்தால் மதுரை தூரமில்லை. அங்கே 1948-இல் லேடி டோக் கல்லூரியும் 1953-இல் பாத்திமா கல்லூரியும் 1965-இல் மீனாட்சி கல்லூரியும் பெண்களுக்கென்றே வந்துவிட்டன. சங்கம் இருந்த ஊர் என்று பெருமை பேசும் நகரம் அது. அந்தச் சங்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் உண்டு என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அப்படிப்பட்ட நகரத்தின் எல்லையில் ஒரு தொழிலாளியின் மகள் ஓரெழுத்தும் கற்பிக்கப்படாமல் வளர முடிந்தது என்பதைத்தான் வியக்க வேண்டும். வியந்து வெட்கப்பட வேண்டும்.

ஒரு சொல்லும் ஒரு வாக்கியமும்

இதையெல்லாம் யோசிக்கும்போது, படிக்காதவர் என்பதற்கு மாற்றாகக் கற்பிக்கப்படாதவர் என்று எழுதினால் என்ன என்று தோன்றும். நான் இந்தக் கட்டுரையிலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன். பழியை அவள் தோளிலிருந்து இறக்கி வைப்பதால் அது மேலான சொல்தான். ஆனாலும் அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன.

முதல் குறை, அது அவளை வெறும் பாத்திரமாக்குகிறது. யாராவது ஊற்றினால்தான் நிறையும் பாத்திரம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் படித்த பெண்கள் அப்படியா இருந்தார்கள்? புதுக்கோட்டையில் கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். ஊரே கேலி செய்தபோதும் விடவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்டிய சைக்கிளைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாடறிய எழுதினார். எழுத்து கற்பிக்கப் போன இயக்கத்துக்குத் தங்களுக்கு எது விடுதலை என்று கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். அங்கே விடுதலைக்குப் பத்திரம் தேவைப்படவில்லை, இரண்டு சக்கரம் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் குறை இன்னும் முக்கியமானது. கற்பிக்கப்படாதவர் என்பது செயப்பாட்டு வினை. யாரால் என்பதைச் சொல்லாமல் தப்பிக்க மொழி தரும் சந்து அது. அரசு அறிக்கைகளுக்குப் பிடித்த இலக்கணமும் அதுதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. இந்த 13 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளிக்கு எந்தப் பட்டியலிலும் எழுவாய் கிடையாது.

அம்மாக்களின் வாக்கியத்தில் எழுவாய் உண்டு. ‘எங்கப்பா என்னையப் படிக்க வைக்கல.’ அதோடு அது நிற்பதும் இல்லை. சற்று நேரம் உட்கார்ந்து கேட்டால் நீளும். ‘தம்பியைப் பாத்துக்க ஆள் வேணும்னு வைக்கல.’ ‘பள்ளிக்கொடம் மேலத்தெருவுல இருந்துச்சு, நம்மாளுகளைத் தனியா உக்கார வச்சாங்க, அதனால அனுப்பல.’ ‘வயசுக்கு வந்ததும் நிப்பாட்டிட்டாங்க.’ ‘அண்ணனுக்கு மட்டுந்தான் பீஸ் கட்ட முடிஞ்சது.’ அப்பா என்ற எழுவாயின் பின்னால் சாதி வருகிறது. வறுமை வருகிறது. ஊர்வாய் வருகிறது. தம்பி, தங்கை, கல்யாணச் செலவு எல்லாம் வரிசையாக வருகின்றன. அந்த அப்பாவையும் யாரோ படிக்க வைக்கவில்லை என்பதும் சில சமயம் வரும். அவள் யார்மேலும் வழக்குத் தொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி, செய்தவர் பெயரோடு சொல்கிறாள். ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அப்படியானால் ‘கல்லாதவர்’ என்ற பழைய சொல்லை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். அது தன்வினைச் சொல். கற்க வாய்ப்பிருந்தும் கற்காமல் விட்டவருக்கு அது சரியாகப் பொருந்தும். மதுரையின் புகழ்பெற்ற வழக்காடு காட்சியில், கண்ணகி பாண்டியன்மேல் சுமத்தும் முதல் குற்றமே அவன் ஆராயவில்லை என்பதுதான். அவனிடம் அவை இருந்தது, அமைச்சர் இருந்தார்கள், நூல்கள் இருந்தன. கேட்டு அறிய எல்லாம் இருந்தும் அவன் கேட்கவில்லை. அறியாமை குற்றமாகும் இடம் இதுவே. தங்கை பத்திரத்தைப் புரிந்துகொண்டாளா என்று கேட்காத அண்ணன், ரேகை ஏன் விழவில்லை என்று கேட்காத அலுவலர், தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மா ஏன் அங்கே உட்கார முடியவில்லை என்று யோசிக்காத பேராசிரியர், இவர்களெல்லாம் கற்கக்கூடியவர்கள். கற்கவில்லை. கல்லாதவர் என்ற சொல்லின் உரிமையாளர்கள் இவர்கள்தான்.

நம் மாணவிகளில் பலர் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள். குடும்பத்தில் அதுவரை யாருக்கும் கல்லூரி கிடைக்கவில்லை என்பதை அரசு ஏற்றுக்கொண்டு, அதற்காகக் கட்டணத்தில் சலுகை தரும் சான்றிதழ் அது. வீட்டில் படித்தவர் இல்லை என்பதை இகழாமல், சமூகம் தீர்க்க வேண்டிய பாக்கியாகப் பார்க்கும் அரிய காகிதம். அதைக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விண்ணப்பத்தில் அம்மாவைப் பற்றிய கட்டம் சிறியது, ஒரு சொல்தான் அதில் அடங்கும். அதை எழுதுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள்: யார் வைக்கல, ஏன் வைக்கல, அன்னைக்கு நீ என்ன செஞ்ச? அவள் சொல்வதை வேறொரு தாளில், சொன்னபடியே, எழுவாயை விடாமல் எழுதி வையுங்கள். அடுத்த முறை உங்கள் முன்னால் ஒரு பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது அந்தத் தாளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.